கல்வெட்டில் கடனை எழுதலாமா? – அப்பப்பாவின் 31ஆம் நாள் மலர் பற்றி ஒரு கேள்வி

செம்பாட்டுப் பேத்தி (வெள்ளவத்தை) கேட்டது:

வணக்கம். எங்கள் அப்பப்பா காலமாகி இன்றோடு பதின்மூன்று நாள். வயது 89. பொரளை கனத்தையில் தகனம் நடந்தது, முகத்துவாரத்தில் அஸ்தி கரைத்தோம், எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. இனி 31ஆம் நாள். அதற்குக் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், அடிக்க வேண்டும். வீட்டில் கணினியில் தமிழ் தட்டத் தெரிந்தவள் நான்தான் என்பதால் வாழ்க்கை வரலாற்றுப் பகுதியை அப்பா என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

இப்படி எழுதலாம் என்று அச்சகத்தில் ஒரு பழைய மலரைத் தந்தார்கள். அன்பே உருவானவர், பண்பின் சிகரம், ஊரார் போற்றும் உத்தமர். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். அப்பப்பாவுக்குத்தான் பொருந்தவில்லை. அன்பு என்ற சொல்லை அவர் வாயால் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஸ்காபரோவிலிருந்து மாமி எடுத்தாலும் அவர் முதலில் கேட்பது, "அங்க வெங்காயம் என்ன விலை போகுது?" என்பதுதான்.

அவர் 1936இல் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பிறந்தவர். செம்பாட்டு மண். சின்ன வயதிலேயே துலா மிதித்தவர். யாழ்தேவி ஓடத் தொடங்கிய 1956இல் அந்த ரயிலிலேயே கொழும்புக்கு வந்து, புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு வெங்காயக் கொமிசன் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தார். முதல் நாலு வருடமும் கடையின் மேல்தட்டில் வெறும் சாக்குகளை விரித்து அதற்கு மேல் பாய் போட்டுத்தான் படுக்கை. சிங்களம் நாட்டாமிகளிடம் பழகியது. கடைசி வரை அவருடைய சிங்களத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் சொற்கள்தான் இருந்தன. 1958 கலவரத்தில் கப்பலில் ஊருக்குப் போய், ஆறு மாதத்தில் திரும்பி வந்தார். 1961இல் அப்பம்மாவைக் கட்டினார். 1971இல் முதலாளி அவருக்குக் கால் பங்கு கொடுத்தார்.

அவர் பெருமையாகச் சொன்ன காலம் என்றால் 1970இலிருந்து 1977 வரைதான். வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வராமல் அரசாங்கம் மறித்த காலம். கொழும்பில் பாணுக்கு விடியற்காலையில் வரிசை நின்றார்கள். அதே நேரம் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வெங்காயம் செய்தவர்கள் வீட்டில் கல்வீடு எழும்பியது. "ஒரு இரவில் எட்டு லொறி இறக்கியிருக்கிறம்" என்பார். 1977இல் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு விலை விழுந்த கதையையும் சொல்வார். அதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

எனக்கு வெங்காயம் பார்க்கச் சொல்லித் தந்தவர் அவர். உள்ளங்கையில் ஒரு பிடி அள்ளி மெல்லக் குலுக்க வேண்டும். தோல் உரசுகிற சத்தம் கேட்டால் நன்றாகக் காய்ந்தது. கழுத்தைப் பெருவிரலால் அமர்த்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று போனால் உள்ளே ஈரம், லொறியிலேயே வெந்துவிடும். வேதாளன் இனம் என்றால் முகர்ந்தே சொல்லிவிடுவார். காலி வீதியில் நாங்கள் மரக்கறி வாங்கும் கடையில், அவர் போனால் கடைக்காரத் தம்பி மேலே கிடப்பதைத் தொடாமல் புது மூட்டையை அவிழ்ப்பான்.

இனித்தான் நான் கேட்க வந்த விசயம்.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை. தமிழருக்கு எதிரான கலவரம். அப்பப்பா கடையில் இருந்தார். தெருவின் அந்தத் தொங்கலில் புகை எழும்பியதும், பல வருடமாக அந்தக் கடைக்கு மூட்டை தூக்கிய ஒரு நாட்டாமி அவரைக் கைவண்டியில் படுக்க வைத்து, மேலே வெற்றுச் சாக்குகளைப் போட்டு மூடி, கொட்டாஞ்சேனைப் பக்கம் இழுத்துப்போய் விட்டிருக்கிறார். கடை அன்றைக்கே எரிந்தது. பேரேடு, சிட்டைப் புத்தகம், எல்லாம் போயிற்று. இரண்டு நாள் கழித்துத்தான் அப்பம்மாவையும் பிள்ளைகளையும் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் கண்டுபிடித்தார். கண்டதும் கேட்டது ஒரு கொப்பியும் பென்சிலும். அப்பம்மா இதை அழுதுகொண்டே சொல்வார். என்ன ஏது என்று விசாரிக்கவில்லையாம். கொப்பி கேட்டாராம்.

அந்த முகாமில், பள்ளிக்கூட மேசைக்குக் கீழே இருந்துகொண்டு, கடை யார் யாருக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று ஞாபகத்திலிருந்து எழுதினார். 41 பேர். எல்லோரும் வலிகாமத்துத் தோட்டக்காரர். ஊர், பெயர், எத்தனை அந்தர் (ஒரு அந்தர் கிட்டத்தட்ட 50 கிலோ), எத்தனை ரூபாய். மொத்தம் 68,000 சொச்சம். கடைக்கு வரவேண்டிய காசை அவர் எழுதவே இல்லை. முதலாளி இந்தியாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். தோட்டக்காரருக்கு முதலாளியைத் தெரியாது, கணக்கப்பிள்ளையைத்தான் தெரியும்.

பிறகு கப்பலில் காங்கேசன்துறை. ஊரில் மூன்று வருடம். அப்பம்மாவின் அட்டியலும் காப்புச் சோடியும் முதல் வருடமே போயின. 1986இல் திரும்பவும் கொழும்புக்கு வந்து, இன்னொருவர் கடையில் சம்பளத்துக்குக் கணக்கெழுதி, மாதாமாதம் ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கொடுத்து முடித்ததும் அந்தப் பெயரைச் சிவப்புப் பென்சிலால் வெட்டுவார். ரயில் நின்ற பிறகு கிளாலிக் கடலால் போகிறவர்களிடம் காசு கொடுத்துவிட்டிருக்கிறார். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு மூன்று குடும்பங்கள் எங்கே என்று தெரியாமல் போயின. 2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்ததும், 66 வயதில், தேடிப் போனார். இரண்டு குடும்பத்தைக் கண்டார்.

மிஞ்சியது ஒருவர். ஊர் வசாவிளான். மூன்று அந்தர், 1,140 ரூபாய். பெயரை நான் இங்கே போடவில்லை. 1990இல் போரால் அந்த ஊரே இடம்பெயர்ந்தது, பிறகு பாதுகாப்பு வலயமாகிவிட்டது.

காலையில் அப்பப்பா பத்திரிகையில் முதலில் மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் விரிப்பார். சிவப்புப் பென்சில் காதில் இருக்கும். வயது போனவர்கள் எல்லோரும் செய்வதுதானே என்று நினைத்திருந்தேன். போன கிழமை அலுமாரியில் அந்தக் கொப்பியை எடுத்தபோது, பின்பக்கம் முழுக்க வசாவிளானைப் பிறப்பிடமாகக் கொண்டவர்களின் மரண அறிவித்தல்கள் வெட்டி ஒட்டியிருந்தன. மக்கள், மருமக்கள் பெயர்களுக்குக் கீழே கோடு. சிலவற்றின் பக்கத்தில் தொலைபேசி இலக்கம், "இவர் இல்லை" என்று அவருடைய எழுத்து.

இதை எழுதாமல் அவருடைய வரலாற்றை எப்படி எழுதுவது? ஆனால் வீட்டில் ஒத்துக்கொள்கிறார்கள் இல்லை. மாமி சொல்கிறார், செத்த மனிதரைக் கடன்காரர் என்று அச்சடித்துக் கொடுப்பதா என்று. சித்தப்பா கொப்பியைப் பார்க்கவே மாட்டேன் என்கிறார். அவருக்குக் காரணம் இருக்கிறது. 1984இல் அவருடைய கூட்டாளிகள் எல்லாம் கிழக்கு பெர்லின் வழியாக ஜெர்மனிக்குப் போனார்கள். ஏஜென்சிக்குக் கட்டத்தான் அந்த அட்டியலை விற்பது என்று அப்பம்மா சொல்லியிருந்தாராம். விற்றார்கள். காசு வெங்காயத்துக்குப் போயிற்று. சித்தப்பா இன்றைக்கும் வெள்ளவத்தையில் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறார். அப்பப்பாவைக் கடைசி இரண்டு வருடமும் குளிக்க வார்த்து, சவரம் செய்து பார்த்தவரும் அவர்தான். ஆனால் இந்தக் கதை வந்தால் எழும்பிப் போய்விடுவார்.

கல்வெட்டில் இதை எழுதுவது முறையா? எழுதினால் வெட்டாத அந்த ஒரு பெயரை என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அச்சகத்துக்கு எட்டு நாளில் கொடுக்க வேண்டும்.

மெய்ப்புக்காரர் (கொட்டாஞ்சேனை):

பிள்ளை, ஆழ்ந்த அனுதாபங்கள். நான் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இருபது வருடமாகக் கல்வெட்டுகளுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன், திதி வெண்பாவும் எழுதிக் கொடுக்கிறேன். அதனால் முறை பற்றிக் கொஞ்சம் சொல்லலாம்.

கல்வெட்டுக்குக் கட்டாயம் என்று எதையாவது சொன்னால் அது திதி வெண்பாதான். எந்த ஆண்டு, எந்த மாதம், எந்தப் பட்சம், எந்தத் திதி என்பது அதில் வரவேண்டும். திவசத்துக்குப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் நாள் எடுப்பார்கள். பஞ்சபுராணம், சிவபுராணம் சேர்ப்பது வழக்கம். வம்சவழி இருந்தால் நல்லது. நன்றி நவிலல் கடைசியில். வாழ்க்கை வரலாற்றுக்கு எந்த விதியும் இல்லை. பழைய காலத்துக் கல்வெட்டுப் பாக்களில் இறந்தவர் எந்தக் காணியை வாங்கினார், எந்த மடத்துக்கு என்ன கொடுத்தார், யாரோடு வழக்காடினார் என்பதெல்லாம் வந்திருக்கிறது. "பண்பின் சிகரம்" எல்லாம் அச்சகங்களில் கணினி வந்து, பழைய கோப்பைத் திறந்து பெயரை மாற்றத் தொடங்கிய பிறகு பெருகியது. எத்தனை சிகரங்களுக்கு நான் எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒருவருடைய முகமும் ஞாபகத்தில் நிற்கவில்லை.

ஆகவே எழுதுவதில் முறைகேடு எதுவும் இல்லை. ஆனால் எழுதும்போது ஆண்டு, ஊர், தொழில், அளவு எல்லாவற்றையும் விடாமல் எழுதுங்கள். நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு கொமிசன் கடை எப்படி நடந்தது என்று நாளைக்கு ஒருவர் தேடினால் எங்கே போவார்? யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தது, கடைகளின் பேரேடுகள் 1983இல் எரிந்தன, வீடுகளில் கிடந்தவை இடப்பெயர்வுகளில் போயின. இந்த மலர்கள்தான் மிச்சம். நூலகம் நிறுவனத்தார் நினைவு மலர்களைச் சேர்த்து மின்வடிவில் இணையத்தில் வைக்கிறார்கள். அடித்து முடிந்ததும் ஒரு பிரதியை அவர்களுக்கும் கொடுங்கள்.

இன்னொன்று: பக்கங்கள் நாலின் மடங்காக வந்தால்தான் தாள் வீணாகாது. 16 என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். கொப்பியின் ஒரு பக்கத்தைப் படமாகப் போட எண்ணினால் பெயர்களை மறைத்துவிடுங்கள். ஊரும் அந்தரும் மட்டும் தெரியட்டும்.

பாமன்கடை வாசி:

நான் வேறு மாதிரி நினைக்கிறேன், கோபிக்காதீர்கள். 31க்கு வருகிறவர்கள் சாப்பிட்டு, மலரை வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு அது ஒரு கதை. சித்தப்பாவுக்கு அது அவருடைய வாழ்க்கை. தகப்பனைக் குளிப்பாட்டிப் பார்த்த பிள்ளை வேண்டாம் என்று சொல்கிறார். உயிரோடு இருக்கிறவருடைய மனதை முதலில் பாருங்கள். கொப்பி எங்கேயும் போகாது. ஆண்டுத் திவசத்துக்கும் எழுதலாம்.

ஏழாலைக்காரி:

தங்கச்சி, உங்கள் அப்பப்பாவின் கொப்பியில் எங்கள் ஊர்ப் பெயர்களும் இருந்திருக்கும். என் ஐயா அதே தெருவில் வேறொரு கடைக்கு வெங்காயம் அனுப்பியவர். அதனால் தோட்டத்துப் பக்கத்திலிருந்து இதைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

வெங்காயம் கிண்டி, தாளோடு பிடி கட்டி, கொட்டிலுக்குள் தொங்கவிட்டுக் காயவைப்போம். விலை ஏறும் என்று கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, சாக்கில் கட்டி லொறியில் ஏற்றிவிடுவார் ஐயா. கையில் ஒரு துண்டுகூட இருக்காது. லொறிக்காரர் கொழும்பில் இறக்குவார், கடையில் நிறுத்து விற்பார்கள். கொமிசன், லொறிக்கூலி, நாட்டாமிக்கூலி, வாட்டத்துக்கு ஒரு கழிவு, எல்லாம் போக மிச்சம் இவ்வளவு என்று சிட்டை வரும். அடுத்த லொறி வரும்போது காசு வரும். சில வேளை மூன்று லொறிக்குப் பிறகு வரும். அந்தக் காசை நம்பித்தான் அடுத்த போகத்துக்கு உரமும், மண்ணெண்ணெயும், அக்காவின் கலியாணமும்.

1983 ஆடிக்குப் பிறகு ஐயாவுக்குச் சிட்டையும் வரவில்லை, காசும் வரவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. கடைக்காரரே உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து இறங்கினார்கள், அவர்களிடம் போய் என்ன கேட்பது என்பார். கேட்கவே இல்லை. ஆனால் அதற்கு அடுத்த போகம் எங்கள் தோட்டத்தில் பாதி தரிசாகக் கிடந்தது. அது எனக்கு நல்ல ஞாபகம். விதை வெங்காயத்துக்குக் காசில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கொமிசன் கடை வழக்கப்படி, விற்கும் வரைக்கும் மூட்டை தோட்டக்காரருடையதுதான். விற்காமல் கடையில் கிடந்து எரிந்தது தோட்டக்காரரின் நட்டம். விற்றுக் காசு கொடுக்காததுதான் கடையின் கடன். உங்கள் அப்பப்பா எழுதிய 68,000இல் எரிந்த மூட்டைகளும் இருக்கிறதா? இருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். அது வழக்கத்தில் இல்லாத காரியம். அப்படிச் செய்த ஒருவரை நான் கேள்விப்பட்டதில்லை.

பாமன்கடைத் தம்பி சொன்னதையும் தள்ளிவிடாதீர்கள். ஆனால் சித்தப்பா வேண்டாம் என்றது கடனை எழுதுவதையா, அல்லது தன்னை விட்டுவிட்டு எழுதுவதையா என்று ஒருமுறை கேளுங்கள். எங்கள் வீட்டிலும் அக்காவுக்குக் கலியாணம் ஐந்து வருடம் தள்ளிப்போனது. இதுவரை யாரும் அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

செம்பாட்டுப் பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. ஏழாலை அக்கா, உங்கள் பதிலை மூன்று முறை வாசித்தேன். ஐயாவையும் தரிசாகக் கிடந்த தோட்டத்தையும் நினைத்துக்கொண்டே இரவு கொப்பியைத் திரும்ப எடுத்தேன்.

நானும் கணக்காளர்தான். அப்படியிருந்தும் நீங்கள் கேட்கும் வரைக்கும் எனக்கு அது கண்ணில் படவில்லை. ரூபாய்க் கட்டத்தில் சில தொகைகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது. 41 பேரில் 17 பேருக்குப் புள்ளி. அப்பாவிடம் கேட்டேன். புள்ளி போட்டது கடையில் விற்காமல் கிடந்த மூட்டை என்றார். அப்பம்மா அப்போதே சண்டை பிடித்தாராம், அதை ஏன் எழுதுகிறீர்கள், அது உங்கள் பொறுப்பில்லையே என்று. அப்பப்பா சொன்ன பதில் அப்பாவுக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: "இறக்கி வைச்சது நான். லொறிக்காரனுக்குக் கையெழுத்துப் போட்டது நான்."

இன்னொன்றும் கண்டேன். ரூபாய்க் கட்டம் முகாமில் எழுதியதோடு சரி. கொடுத்த தொகைகள் அதைவிடக் கூட. கொடுத்த அன்றைக்குச் சுன்னாகம் சந்தையில் வெங்காயம் என்ன விலை போனதோ, அந்த விலைக்கு அந்தரைப் பெருக்கிக் கொடுத்திருக்கிறார். 2002இல் கொடுத்த இரண்டு குடும்பத்துக்கும் அப்படித்தான். கடனை அவர் ரூபாயில் வைத்திருக்கவில்லை, வெங்காயத்தில் வைத்திருந்திருக்கிறார். அப்படிப் பார்த்தால் வசாவிளான்காரருக்கு நாங்கள் கொடுக்க வேண்டியது 1,140 ரூபாய் இல்லை, மூன்று அந்தர். கிலோவில் 152 கிட்ட வரும்.

சித்தப்பாவிடம் நேற்றுக் கேட்டேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து வானைக் கழுவிக்கொண்டிருந்தார். நானும் ஒரு துணியை எடுத்துக் கண்ணாடி துடைத்தேன். "சித்தப்பா, உங்களைப் பற்றி என்ன எழுதட்டும்?" என்றேன். கடனைப் பற்றிக் கேட்கவில்லை. கன நேரம் பேசவில்லை. பிறகு, "ஆர் அந்தக் காசெல்லாம் கொண்டுபோய்க் குடுத்தது எண்டு உனக்குத் தெரியுமே?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. 1984, 85இல் அப்பப்பா நிறைய நாள் காய்ச்சலில் கிடந்தாராம். பதினெட்டு வயதுப் பெடியன் சைக்கிளில் போயிருக்கிறார், காசை வயிற்றோடு சுற்றிக் கட்டிக்கொண்டு. நீர்வேலி, அச்செழு, புன்னாலைக்கட்டுவன், குப்பிழான், ஏழாலை. தான் ஜெர்மனிக்குப் போக வைத்திருந்த காசு. ஒவ்வொரு வீட்டிலும் படலையடியில் நின்று எண்ணிக் கொடுத்திருக்கிறார். சில வீடுகளில் வாங்க மறுத்தார்களாம். ஒரு வீட்டில் ஒரு கிழவி இவரைப் பிடித்து இருத்தி, குரக்கன் புட்டும் மீன்குழம்பும் தந்துவிட்டு, பிறகு காசை எண்ணிப் பார்க்காமலேயே கொட்டைப்பெட்டிக்குள் வைத்தாராம். அதைச் சொல்லும்போது சித்தப்பா சிரித்தார். இந்தக் கதையில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"எனக்குக் கோபம் காசில இல்லை" என்றார். "ஒருக்கா எண்டாலும் என்னைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா நான் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்."

இதையும் எழுதலாமா என்று கேட்டேன். எழுது என்றார். மாமியோடு தான் கதைப்பதாகவும் சொன்னார். இரவு கதைத்திருக்கிறார். மாமி இன்னும் முழு மனதாக இல்லை. ஆனால் வேண்டாம் என்று இப்போது சொல்லவில்லை.

வசாவிளான் வீட்டுக்கும் இவர் ஒரு முறை போயிருக்கிறார், காசோடு. அன்றைக்கு வீட்டில் ஆளில்லை, திரும்பி வந்துவிட்டார். பிறகு வருகிறேன் என்று அயலில் சொல்லிவிட்டு வந்தது ஞாபகம் இருக்கிறதாம். வீட்டுக்கு முன்னால் இரட்டைத் துலா போட்ட பங்குக் கிணறு, பக்கத்தில் ஒரு இலுப்பை மரம், மூத்த மகன் தபால் கந்தோரில் வேலை. இவ்வளவும் கொப்பியில் இல்லை. அப்பப்பா இத்தனை வருடம் மரண அறிவித்தல்களில் தேடினார், சித்தப்பாவிடம் கேட்கவில்லை. அவர் கேட்டால் சித்தப்பா எழும்பிப் போயிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

மெய்ப்புக்கார ஐயா, நீங்கள் சொன்னபடி 16 பக்கம் போட்டிருக்கிறேன். வெண்பாவுக்குத் திதி விபரத்தைத் தனியாக அனுப்புகிறேன், எழுதித் தந்தால் பெரிய உதவி. கைவண்டியில் அப்பப்பாவைக் கொண்டுபோன நாட்டாமியின் மகன் செத்த வீட்டுக்கு வெள்ளை உடுப்போடு வந்து, "கணக்கபுள்ளே மஹத்தயா" என்று சொல்லி ஒரு மூலையில் நின்றவர். நன்றி நவிலலில் அவருடைய தகப்பனைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைச் சிங்களத்திலும் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பன்னிரண்டாம் பக்கத்தில் வருவது இது. பிழை இருந்தால் சொல்லுங்கள்:

"அவர் எழுதிய 41 பெயர்களில் 40 பெயர்களுக்குக் கொடுத்து முடித்தார். 1984, 1985ஆம் ஆண்டுகளில் அந்தக் காசைச் சைக்கிளில் கொண்டு சென்று கொடுத்தவர் அவருடைய இளைய மகன். வெளிநாடு செல்வதற்கென இருந்த பணத்தை அவர் தம் கையாலேயே எண்ணிக் கொடுத்தார். வசாவிளானைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு மூன்று அந்தர் வெங்காயத்தின் விலை இன்னும் கொடுக்கப்பட வேண்டியுள்ளது. 1983ஆம் ஆண்டு கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவுக்கு வெங்காயம் அனுப்பியவர்; வீட்டு வாசலில் இரட்டைத் துலாப் பங்குக் கிணறும் இலுப்பை மரமும் இருந்தன; மூத்த மகன் தபால் கந்தோரில் பணியாற்றினார். இக்குடும்பத்தாரை அறிந்தவர்கள் எங்களுக்கு அறியத்தாருங்கள்."

இதைச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "சைக்கிள் எண்டு மொட்டையாய்ப் போடாதை. அது ஹம்பர்" என்றார். திருத்திவிட்டேன். நாளைக் காலையில் அச்சகத்துக்குக் கொடுக்கிறேன்.